‘இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுங்க’ என்று கேட்டால்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூரில் வீடு எடுத்துத் தங்கிய கொஞ்ச நாளிலேயே யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட வேண்டி வரும். ஏர்கான் சர்வீஸ், அடைத்துக்கொண்ட சிங்க், சாவியை உள்ளே வைத்துச் சாத்திக்கொண்ட கதவு, வாரம் ஒருமுறை வீடு துடைக்க ஓர் அக்கா, சாமான் ஏற்றி இறக்க ஒரு லாரி. வேலை பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்துவிடும். சங்கடம் காசு பேசும்போதுதான். ‘ஏர்கான்ல கேஸ் கம்மியா இருக்கு, இன்னும் நூறு வெள்ளி ஆகும்.’ ‘பேநவ் என் நம்பருக்கே போடுங்க.’ ‘அடுத்த தடவை கம்பெனிக்கு அடிக்காதீங்க, நேரா எனக்கு அடிங்க.’ (வெள்ளி என்பது இங்கே சிங்கப்பூர் டாலர், பேநவ் என்பது போன் எண்ணுக்கே வங்கிப் பணம் அனுப்பும் முறை.)

ஊரில் இதற்கெல்லாம் நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கொஞ்சம் பேரம், கொஞ்சம் சலிப்பு, கடைசியில் ‘சரி, இந்தா, டீக்கு வச்சுக்கோ’. அதே பழக்கத்தை இங்கே வைத்துக்கொண்டால், நியாயமாகக் கொடுக்க வேண்டிய கட்டணத்துக்குச் சண்டை போடுவோம். கொடுக்கவே கூடாத இடத்தில் பாவம் பார்த்துக் கொடுத்துவிடுவோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க இரண்டு கேள்வி போதும். இந்தக் காசு எதற்கு? இது யாருக்குப் போகிறது?

கூப்பிடுவதற்கு முன்

முதலில் அது உங்கள் செலவுதானா என்று பாருங்கள். வாடகை வீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் செய்வது வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு. சின்னப் பழுதுகளில் ஒரு குறிப்பிட்ட தொகைவரை அவர் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் போனால் வீட்டுக்காரர். ஆனால் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டு பில்லை அனுப்பினால் அவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடென்றால் இன்னொன்றும் உண்டு. தண்ணீரே வரவில்லை, மின்சாரம் மொத்தமாகப் போய்விட்டது என்றால் இணையத்தில் ஆள் தேடுமுன், அடுக்குமாடி புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் 24 மணிநேர அவசரப் பராமரிப்புப் பிரிவை அழையுங்கள். புளோக்கின் கீழே உள்ள அறிவிப்புப் பலகையில் எண் இருக்கும்.

ஆளைக் கூப்பிடுவது என்று முடிவானால், பேச்சை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினாலும், பேசியதை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். பழுதான இடத்தின் படம், ஏர்கான் என்றால் எத்தனை, என்ன பிராண்ட், வீடு மாற்றுவதென்றால் உங்கள் மாடியில் லிஃப்ட் நிற்குமா என்பது வரை சொல்லிவிட வேண்டும். பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத இடங்கள் இருந்தன. அலமாரியைப் படியேற்றித் தூக்கி வந்தபின் கூடுதல் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு கேட்க வேண்டியவை: வந்து பார்க்க எவ்வளவு, வேலையைக் கொடுத்தால் அந்தத் தொகை கழியுமா, உதிரிப் பாகமும் வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கூடுதல் உண்டா, எப்படி, யார் பெயருக்குக் கட்டுவது. வயதான சீன பிளம்பராக இருந்தால் ‘அங்கிள், ஆல்-இன் ஹவ் மச்?’ (எல்லாம் சேர்த்து எவ்வளவு?) என்ற ஒரே கேள்வியில் பாதி வந்துவிடும்.

வந்து பார்க்கும் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. ‘ஒன்றும் செய்யவில்லையே, எதற்குக் காசு?’ என்பது புதிதாக வந்தவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. வேனுக்குப் பெட்ரோல், பார்க்கிங், அவருடைய ஒரு மணிநேரம். முன்பே சொல்லியிருந்தால் அது கொடுக்க வேண்டிய காசு, பேரமில்லை. முன்பே சொல்லாமல் வாசலில் நின்று கேட்டால்தான் அது வேறு கதை.

வரி விஷயத்தில் புதியவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். பொருள் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. ஆனால் அந்த வரிக்குப் பதிவு செய்த நிறுவனங்கள் மட்டுமே அதை வாங்க முடியும். வரிக்குட்பட்ட ஆண்டு வருமானம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம். தனியாளாக வேன் ஓட்டிக்கொண்டு வரும் பிளம்பர் பலர் அதற்குக் கீழே. பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டிருந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்த நிறுவனங்களைத் தேடிப் பார்க்கலாம். பதிவு செய்த நிறுவனமும் பொதுமக்களுக்குச் சொல்லும் விலையை வரி சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 80 வெள்ளி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் மேலே 9 விழுக்காடு போடுவது சரியில்லை.

வயரிங் வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரும், புதிதாகத் தண்ணீர்க் குழாய் இழுக்கப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரும் வேண்டும். பழைய குழாயைக் கழற்றிவிட்டு அதேபோல் இன்னொன்று மாட்ட உரிமம் தேவையில்லை. உரிமம் உள்ளவர் சொல்லும் விலை அதிகமாகத் தெரிந்தால், மலிவாகச் சொன்னவரிடம் உரிம எண்ணைக் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

வாசலில் விலை மாறும்போது

இதுதான் அதிகம் நடப்பது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2003ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் முறையற்ற நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மதிப்பீடாகச் சொன்ன விலையைவிடக் கணிசமாக அதிகம் வாங்குவது அதில் ஒன்று. தேவையில்லை என்று தெரிந்தும் ‘இந்தப் பாகத்தை மாற்றியே ஆகணும்’ என்று சொல்வதும் அதில் இருக்கிறது. ஆனால் முதலாவதற்கு ஒரு விலக்கு உண்டு: அந்தக் கூடுதல் விலைக்கு வேலைக்கு முன்பே நீங்கள் வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால் அது முறையற்றது ஆகாது.

இங்கேதான் நம் தலையாட்டல் நமக்கு எதிராகத் திரும்புகிறது. ‘உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு நாம் தலையாட்டுவோம், ‘ம்ம், ஓகே ஓகே’ என்போம். எதிரே நிற்பவருக்கு அது சம்மதம். அவர் ஸ்பானரை எடுத்துவிடுவார். எனவே விலை பற்றிய பேச்சு வந்ததும் முதல் வேலை, கையைக் காட்டி நிறுத்துவது: ‘ஒரு நிமிஷம், இன்னும் எதையும் கழற்றாதீங்க.’ இரண்டாவது, என்ன பழுது, எந்தப் பாகம், எவ்வளவு என்பதை அவர் கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது. நேர்மையான ஆளுக்கு இது இரண்டு நிமிட வேலை. அனுப்பத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஏர்கானை எடுத்துக்கொள்வோம், புகார் அதிகம் கேட்பது அங்கேதான். ‘கேஸ் தீர்ந்துபோச்சு, டாப்-அப் பண்ணணும்.’ கேஸ் என்பது மூடிய சுற்றுக்குள் ஓடுவது, ஓட ஓடக் குறையக்கூடியது இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அப்படியானால் கேட்க வேண்டியது ‘எவ்வளவு ஆகும்’ என்பதல்ல. ‘மீட்டரில் அழுத்தம் எவ்வளவு காட்டுது, காட்டுங்க. எங்கே கசியுது?’ கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் சில மாதத்தில் அதே ஆள் அதே பேச்சோடு திரும்ப வருவார். உண்மையிலேயே கசிவு இருக்கவும் கூடும், பழைய பொருத்துதல்களில் அது சகஜம். அதனால் முகத்தில் அடித்தாற்போல் பேச வேண்டியதில்லை. ‘இன்னைக்குச் சாதா சர்வீஸ் மட்டும் முடிச்சிடுங்க, கேஸ் பத்தி வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்று முடித்துக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, அது உண்மையும்கூட. ‘கெமிக்கல் வாஷ் பண்ணியே ஆகணும்’ என்பதற்கும் இதே பதில் பொருந்தும்.

பாகம் ஏதாவது மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். புதுசின் பெட்டியையும் படம் எடுங்கள். இது சந்தேகப்படுவதாகத் தோன்றும் என்று கூச்சப்பட வேண்டாம். வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும் என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சாவிக்காரர் விஷயம் மட்டும் கொஞ்சம் கஷ்டம். ராத்திரி பதினொரு மணிக்கு, குழந்தையோடு வராந்தாவில் நிற்பவர் என்ன பேரம் பேசுவார்? அங்கே ஒரே காப்பு, அவர் கிளம்புவதற்கு முன் கதவின் படம், பூட்டின் படம் அனுப்பி, பூட்டை உடைக்காமல் திறக்க எவ்வளவு, உடைத்து மாற்ற எவ்வளவு என்று இரண்டு விலையையும் எழுதி வாங்கிக்கொள்வதுதான். வந்ததும் நேராகத் துளைக்கும் இயந்திரத்தை எடுக்கும் ஆளை நம்ப வேண்டாம்.

முன்பணம்

சின்ன வேலைக்கு முன்பணம் தேவையில்லை. பாகம் வாங்கிவர வேண்டும் என்றால் பாகத்தின் விலையை மட்டும் கொடுக்கலாம், ரசீதோடு. வீடு புதுப்பிக்கும் வேலை தனி உலகம். வீவக வீட்டில் புதுப்பிப்பு வேலை செய்பவர் வீவகவின் பதிவுப் பட்டியலில் இருக்க வேண்டும். பணம் வேலையின் கட்டங்களுக்கு ஏற்பப் போக வேண்டும், பெரும்பங்கை முதலிலேயே கொடுத்துவிடக் கூடாது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் சான்று பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்களில் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ‘இன்னைக்கு மொத்தமாகக் கட்டினால் பத்து விழுக்காடு தள்ளுபடி’ என்று கேட்டால், அந்தப் பத்து விழுக்காடு எனக்கு வேண்டாம் என்பதே என் பதிலாக இருக்கும்.

யார் பெயருக்கு

பேநவ்வில் எண்ணைப் போட்டதும் உறுதிப்படுத்துவதற்கு முன் ஒரு பெயர் வரும். அதைப் படியுங்கள். நிறுவனமாக இருந்தால் அதன் தனி அடையாள எண்ணுக்கே கட்டலாம், எண்களில் தொடங்கி ஓர் எழுத்தில் முடியும் எண் அது. அந்த எண்ணை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ரா ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் போட்டால், நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துவிடலாம். தனியாள் கணக்குக்குக் கேட்டாலே மோசடி என்று முடிவு கட்டவும் வேண்டாம். தன் முழுப் பெயரிலேயே தொழில் செய்பவர் நிறுவனம் பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பிளம்பர் தன் எண்ணுக்குக் கேட்பது இயல்பு.

சந்தேகம் வர வேண்டியது வேறிடத்தில். கம்பெனியைக் கூப்பிட்டீர்கள், வந்த ஆள் தன் சொந்த எண்ணுக்குப் போடச் சொல்கிறார். அப்போது அவரிடம் வாதாடாமல், அவர் எதிரிலேயே கம்பெனிக்கு ஒரு செய்தி: ‘வேலை முடிந்தது, 120 வெள்ளி, இந்த எண்ணுக்குக் கட்டட்டுமா?’ முதலாளி ஆமாம் என்றால் கட்டுங்கள், பதில் கையில் இருக்கிறது. ரொக்கமாகக் கேட்டாலும் இப்படித்தான், ரசீதில் தேதியும் தொகையும் என்ன வேலை என்பதும் இருக்க வேண்டும். பிறகு வீட்டுக்காரரிடம் கேட்கவும், உத்தரவாதத்தில் திரும்பக் கூப்பிடவும் அந்தச் சீட்டு இல்லாமல் நடக்காது.

இணைப்பு அனுப்பி, ‘இந்த ஆப்பை இறக்கி அதில் முன்பணம் கட்டுங்க’ என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2023இல் ஃபேஸ்புக்கில் வீடு துப்புரவு செய்யும் சேவை என்று விளம்பரம் போட்டு, ஆண்டிராய்ட் போனில் ஒரு செயலியை ஏற்றவைத்து, சில வெள்ளி முன்பணம் கேட்கிற சாக்கில் வங்கிக் கணக்கைக் காலி செய்த மோசடிகள் பற்றிக் காவல்துறை பலமுறை எச்சரித்தது. சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணில் கேட்கலாம். பணம் போய்விட்டது என்றால் முதலில் வங்கிக்கு.

நம்ம ஊர்த் தம்பி

இப்போது நமக்கே உரிய சங்கடம். கம்பெனி அனுப்பிய ஆள் வருகிறார். பெயர் கேட்டால் தமிழ்ப் பெயர், ஊர் கேட்டால் பட்டுக்கோட்டைப் பக்கம். காப்பி போட்டுக் கொடுக்கிறோம். போகும்போது தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: ‘அண்ணே, கம்பெனி உங்ககிட்ட எம்பது வாங்குது. நான் ஞாயித்துக்கிழமை லீவுதான். நாப்பது கொடுங்க, நானே வந்து பண்ணித் தரேன்.’

அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்திருப்பார், ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். உங்களுக்கும் பாதி விலை. ஆனால் அவர் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் என்றால், பெர்மிட்டில் பெயர் உள்ள முதலாளியைத் தவிர வேறு யாருக்கும், விடுமுறை நாளில்கூட, அவர் வேலை செய்யக் கூடாது. பிடிபட்டால் பெர்மிட் போய்விடும், திரும்ப இங்கே வேலைக்கு வருவதும் கஷ்டம். உங்கள் பங்கு சிறியதில்லை: முறையான அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் 5,000 முதல் 30,000 வெள்ளிவரை அபராதம், ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸில் வந்து இப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் நாற்பது வெள்ளியை மிச்சப்படுத்த எடுக்கிற அபாயம் இல்லை இது.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லலாம். கம்பெனி வேலையில் ஏணியிலிருந்து விழுந்தால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் மருத்துவமனைச் செலவுக்கு யார் நிற்பது?

எப்படிச் சொல்வது? உபதேசம் வேண்டாம், புகாரும் வேண்டாம். ‘தம்பி, உங்க பெர்மிட்டுக்கு ஆபத்து, எனக்கும் வேணாம். அடுத்த தடவை கம்பெனிக்கே அடிச்சு உங்களையே அனுப்பச் சொல்றேன்.’ பல கம்பெனிகள் பெயர் சொல்லிக் கேட்டால் அதே ஆளை அனுப்பும், அதனால் இது வெறும் ஆறுதல் வார்த்தையும் இல்லை. வேலை நன்றாகச் செய்தார் என்று முதலாளிக்கு இரண்டு வரி எழுதுங்கள், நாற்பது வெள்ளியைவிட அது அவருக்கு உதவக்கூடும்.

பக்கத்து வீட்டுப் பணிப்பெண் ‘அக்கா, சனிக்கிழமை வந்து துடைச்சுத் தரவா’ என்று கேட்டாலும் விஷயம் இதேதான். வெளிநாட்டு இல்லப் பணிப்பெண் தன் முதலாளிக்காக, பெர்மிட்டில் உள்ள முகவரியில்தான் வேலை செய்யலாம். பகுதிநேர ஆள் வேண்டும் என்றால் மனிதவள அமைச்சின் வீட்டுச் சேவைத் திட்டத்தில் உள்ள நிறுவனங்களிடம் போங்கள். 2017இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2021இல் நிரந்தரமான திட்டம் அது. பட்டியல் அமைச்சின் தளத்தில் இருக்கிறது. இல்லையென்றால் சிங்கப்பூரர், நிரந்தரவாசி யாரையாவது நேரடியாக வைத்துக்கொள்ளலாம்.

கோப்பிக் காசு, அங்பாவ், கைமாத்து

சிங்கப்பூரில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. கொடுக்காவிட்டால் யாரும் முறைப்பதில்லை. மழையில் ஃபிரிட்ஜைத் தூக்கி வந்தவர்களுக்கு நீங்களாக விரும்பிக் கொடுப்பது வேறு. ஆனால் அதை பில் முடிந்து, ரசீது வாங்கியபின் தனியாகக் கொடுங்கள். கேட்டு வாங்கும் கோப்பிக் காசை பில்லோடு கலக்க விட்டால், அடுத்த முறை அதுதான் விலை. ‘லஞ்சுக்கு ஏதாவது’ என்று லாரிக்காரர் இழுத்தால் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே நகரலாம், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சீனப் புத்தாண்டுக்கு முன் துப்புரவுக் கட்டணம் ஏறும், தீபாவளிக்கும் வழக்கமாக வரும் அக்கா ஓர் அங்பாவ் (உறையில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்புப் பணம்) எதிர்பார்க்கக்கூடும். எதிர்பார்ப்பு நியாயமானதுதான், தொகை உங்கள் இஷ்டம்.

ஒரே விலக்கு, அரசு, வீவக, நகர மன்றம் ஆகியவற்றிலிருந்து வரும் அதிகாரிகளும் ஊழியர்களும். அவர்களுக்கு ஐந்து வெள்ளிகூட நீட்டாதீர்கள், நன்றிக்காகக்கூட. இங்கே ஊழல் தடுப்புச் சட்டம் கடுமையானது, கொடுப்பவரும் மாட்டுவார். அப்படி ஒரு அமைப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து வாசலில் ரொக்கம் கேட்பவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், அந்த அமைப்புக்குப் போன் போடுங்கள், அதுவரை இரும்புக் கதவைத் திறக்க வேண்டாம்.

வாரந்தோறும் வரும் அக்கா அடுத்த மாதச் சம்பளத்தை இப்போதே கேட்டால்? கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். கொடுத்தால், திரும்பாவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கொடுங்கள், எந்த வாரம் எவ்வளவு கழியும் என்று அன்றே எழுதிவிடுங்கள். வீட்டோடு இருக்கும் பணிப்பெண்ணுக்கு முன்பணம் கொடுத்தாலும் இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் அவசியம். அவருடைய மாதச் சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் போயாக வேண்டும்.

பேச்சு முற்றினால்

வீட்டுக்குள் நின்றுகொண்டு ‘காசு வராமல் போக மாட்டேன்’ என்றால் குரலை உயர்த்த வேண்டாம். முன்பே ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டி, ‘மீதியை ஒப்புக்கொள்ளவில்லை’ என்று அவர் எதிரிலேயே கம்பெனிக்குச் செய்தி அனுப்புங்கள். மிரட்டினால் காவல்துறையின் 999. பில் பற்றிய தகராறு மட்டும் என்றால் காவல்துறைக்கு அதில் பெரிய வேலை இல்லை.

அடுத்தது கம்பெனிக்கு எழுத்தில் ஒரு புகார், படங்களோடு. அதற்கும் அசையாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம், அவர்கள் நடுவில் நின்று பேசிப் பார்ப்பார்கள். கடைசிப் படி சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரையான வழக்குகள், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேச வேண்டும். இணையத்திலேயே பதியலாம், 5,000 வெள்ளிவரையான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் யார் மீது வழக்கு என்று போட வேண்டும். ‘வாட்ஸ்அப்பில் ஏர்கான் அண்ணன்’ என்று போட முடியாது. நிறுவனப் பெயரையும் அடையாள எண்ணையும் முன்கூட்டியே வாங்கிவைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

நாற்பது, ஐம்பது வெள்ளித் தகராறுக்கு நான் மன்றம் வரை போக மாட்டேன். நடந்ததை நடந்தபடி கம்பெனியின் பக்கத்தில் விமர்சனமாக எழுதுவது போதும். வேலைக்கு வந்தவரின் முகப்படத்தையும் போன் எண்ணையும் தமிழ்க் குழுக்களில் போட்டு ‘ஜாக்கிரதை’ என்று எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 முதல் இங்கே குற்றம், அப்புறம் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.